மெஹ்ரோலியில் ஒரு வனபோஜனம்

தில்லிக்கு வந்த முதல் வைகாசியிலேயே நான் ஒரு பாடம் கற்றேன். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினோரு மணிக்குக் குடும்பத்துடன் புறப்பட்டு, பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் சமுக்காளம் விரித்தேன். நடுப்பகலில் 'லூ' என்னும் அனற்காற்று எழுந்தது. மர நிழலிலும் நெருப்பு வீசிற்று. கூஜாவில் இருந்த நீர் வெந்நீராயிற்று. தயிர்சாதம் வாயில் வைக்க முடியாதபடி புளித்திருந்தது. தேங்காய்ச் சட்னியோ ஊசியே போய்விட்டது. வாடிய முகங்களுடன் வீடு திரும்பிய எங்களைக் கண்டு, அண்டை வீட்டில் வாழ்ந்த பழைய தில்லிக்கார மூதாட்டி சிரித்தார். "மழை ஒன்று விழட்டும், மகனே! பிறகு மெஹ்ரோலிக்குப் போ" என்றார். அந்தச் சொல்லின் பின்னே ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுப் பழக்கம் நிற்கிறது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மெஹ்ரோலி என்பது குதுப்மினாரை அடுத்த ஊர். அங்கே 1230-ஆம் ஆண்டையொட்டி இல்துத்மிஷ் என்னும் சுல்தான் ஒரு பெரிய ஏரியை வெட்டுவித்தார். ஹௌஸ்-இ-ஷம்சி என்பது அதன் பெயர். முழுவதும் மழைநீரால் நிரம்பியது. தலைநகர மக்களுக்குக் குடிநீர் தந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து இங்கு வந்த மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, இந்த ஏரியைக் கண்டு எழுதியிருக்கிறார். ஏரியின் நடுவே கல்லாலான ஈரடுக்கு மண்டபம் இருந்ததாம். நீர் பெருகியிருக்கும்போது படகில்தான் அதனை அடைய முடியும். நீர் வற்றினால் மக்கள் நடந்தே செல்வர். வற்றிய கரையோரங்களில் கரும்பும் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட்டனர் என்கிறார். பழங்கள் சிறியவை, ஆனால் மிக இனியவை என்றும் குறித்திருக்கிறார். கோடையில் நீர் குறைந்த ஏரியும் தில்லிக்காரர்களுக்குப் பழம் தந்தது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

கி.பி. 1700-ஐ ஒட்டி, ஏரியில் மிகுந்து வழியும் நீரைக் கொண்டு 'ஜர்னா' என்னும் அருவித் தோட்டம் அமைந்தது. மண்டபத்தின் முன்னே நீர் திரைபோல் விழும். மக்கள் அதில் குளிப்பர். சுற்றிலும் மாந்தோப்பு. பிற்கால மொகலாய அரசர்கள் செங்கோட்டையின் புழுக்கத்தைவிட்டு இங்கே வந்து தங்கினர். கோட்டையிலிருந்து மெஹ்ரோலி ஏறத்தாழ பதினோரு மைல். மாட்டு வண்டியும் பல்லக்கும் செல்லும் காலத்தில் அது சிறு தொலைவன்று. ஆதலால் காலையில் போய் மாலையில் திரும்புவது என்ற பேச்சே கிடையாது. போனால் பல நாள் தங்குவதுதான்.

இரண்டாம் அக்பர் ஷா காலத்தில், அவர் மகன் மிர்சா ஜஹாங்கீர், ஆங்கில ரெசிடென்டான சீட்டன் என்பவரைத் துப்பாக்கியால் சுட முயன்று அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டான். மகன் மீண்டு வந்தால் குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவில் மலர்ப் போர்வை சாத்துவதாகத் தாய் வேண்டிக்கொண்டாள். அவன் திரும்பியபோது, தர்காவுக்கு மட்டுமன்றி அருகிலுள்ள யோகமாயா கோயிலுக்கும் மலர் விசிறி சென்றது. 1812-ஐ ஒட்டித் தொடங்கிய இதுவே 'பூல்வாலோங் கீ சைர்', அதாவது பூக்காரர்களின் உலா. மழைக்காலத்தில் நகரத்தார் இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றித் திரண்டு வந்தனர். மாமரங்களில் ஊஞ்சல் கட்டிப் பெண்கள் ஆடினர். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் சித்திரான்னங்களுடன் அமர்ந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. காலமும் அநேகமாக ஒன்றே. அங்கே புதுப்புனல், இங்கே புதுமழை.

இந்த உலாவின் மீது பேரன்பு கொண்டிருந்தவர் கடைசி அரசரான பகதூர் ஷா. மெஹ்ரோலியில் உள்ள ஜஃபர் மகாலில் முன்னோர் சமாதிகளுக்கிடையே தம் சமாதிக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். 1857-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் அவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினர். 1862-இல் அங்கேயே மறைந்தார். ஒதுக்கிய இடம் வெறுமையாகவே கிடக்கிறது. உலா மட்டும் தொடர்ந்தது. 1942-இல் ஆங்கில அரசு அதனை நிறுத்திற்று. இருபது ஆண்டுகள் கழித்து, நேரு பிரதமராயிருந்தபோது மீண்டும் தொடங்கிற்று.

மூதாட்டியின் சொற்படி ஆடி மாதத்தில், நல்ல மழை பெய்த மறுநாள், விடியற்காலையில் புறப்பட்டோம். இம்முறை தயிர்சாதம் கொண்டுபோகவில்லை. நல்லெண்ணெய் தாராளமாய் விட்ட புளியோதரை, வறுத்த வடாம், மூதாட்டி கொடுத்த மாம்பழங்கள், இவ்வளவே. ஏரிக்கரையில் அமர்ந்து உண்டு முடித்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை.