நந்தனார் வரலாறும் நம் வகுப்பறையும்

அறிவியலோடு சமயத்தையும் பள்ளியில் பேசலாமா என்னும் வினா, அறிஞர் அவைக்கு மட்டும் உரியதன்று. எட்டாம் வகுப்பில் நந்தனார் வரலாற்றைச் சொல்லி முடித்தேன். மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, தீயில் இறங்கினவர் வெந்துபோக மாட்டாரா?" என்று கேட்டாள். நம் சமுதாயப் பெண். தந்தை சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. வெந்துபோவார் என்பது அறிவியல் தரும் விடை; இறைவன் திருவருள் என்பது சமயம் தரும் விடை. இரண்டில் எதைச் சொன்னாலும் பாடம் அங்கேயே முடிந்துவிடும். நாளைக்குச் சொல்கிறேன் என்று அமரச் செய்தேன்.

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு மண் அடுக்கு புதிதன்று. 1957இல் தொடங்கிய சுரங்கப் பணி, மேல் மண்ணையெல்லாம் அகற்றி 1961இல்தான் பழுப்பு நிலக்கரியைக் கண்டது. நந்தனார் கதைக்கும் அத்தகைய அடுக்குகள் உண்டு. எட்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த சுந்தரர், திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்று பெயர் சொல்லி வணங்குகிறாரேயன்றித் தீயைப் பற்றி ஒன்றும் கூறினாரல்லர். ஆதனூர்ச் சேரியும், பேரிகைக்குத் தோல் அளித்த தொண்டும், தில்லையில் தீ மூழ்கி முப்புரிநூலோடு எழுந்ததும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் விரிவாக வருகின்றன. நந்தனைத் தடுத்து வருத்தும் வேதியரோ சேக்கிழாரிடம் இல்லை. அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் படைத்த பாத்திரம். (நம் முன்னோர் பண்ணையாட்களாய் உழன்ற காலம் அது.) அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனைப் பௌத்த மன்னன் என்றே எழுதினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டபோது, நந்தனார் பெயரையே அதற்குச் சூட்டினார். காவி உடுத்த துறவி அவர்; ஆயினும் தூய்மை பெறத் தீயைக் காட்டவில்லை, ஏட்டைக் காட்டினார்.

சட்டம் குறுக்கே நிற்கும் என அஞ்சும் ஆசிரியர் உளர். முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்பது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. சமயங்களைப் பற்றிக் கற்பித்தல் அத்தடைக்கு உட்படாது என 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்கள் கடமை என 1976இல் திருத்தமும் செய்யப்பட்டது. வினாவுக்கு இடமின்றிப் புராணத்தைச் சொல்லிச் செல்வது, பாடம் எனப் பெயரிட்டாலும் போதனையே என்பது என் கருத்து. நானும் பல்லாண்டு அதைத்தான் செய்துவந்தேன்.

மறுநாள் இவற்றைக் காலவரிசையாகக் கரும்பலகையில் எழுதினேன். தில்லைக் கோயிலுள் செல்ல ஏனையோர் தீ மூழ்க வேண்டியிருக்கவில்லை. இவர்க்கு மட்டும் ஏன் வேண்டியிருந்தது என்று எழுதிவரப் பணித்தேன். அப்பெண் இரண்டு பக்கம் எழுதிவந்தாள். அடியில் ஒரு வினாவும் இருந்தது: சுந்தரருக்கும் சேக்கிழாருக்கும் இடையே இத்தனை நூற்றாண்டு உள்ளனவே, அதற்குள் வேறு யாரும் இவரைப் பாடவில்லையா? நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியை நான் பலகையில் எழுத மறந்தது அப்போதுதான் தெரிந்தது.