மரணசாதன வழக்கு: கினிகத்தேனை, ஹட்டன் பகுதி

மரணசாதன வழக்கு என்பது இறந்தவரின் சொத்தை உரியவர்களிடம் சேர்க்க இலங்கையின் மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை இதை ஆளுகிறது. கினிகத்தேனையார் இதற்கு ஏ7 வீதியில் ஹட்டனுக்கு ஏறுவர். இறுதி விருப்பாவணம் இருந்தால் அதில் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநரும், இல்லாவிட்டால் பெரும்பாலும் துணைவரோ பிள்ளையோ விண்ணப்பிப்பர். விருப்பாவணம் நொத்தாரிசு, இரு சாட்சிகள் ஆகியோர் முன்னிலையிலோ, ஐந்து சாட்சிகள் முன்னிலையிலோ ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, விருப்பாவணம் இல்லாதபோது துணைவருக்குப் பாதி, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகளுக்கும் மகனுக்கும் வேறுபாடில்லை. குடும்பத்துப் பெண்கள் இதை அறிந்திருப்பது மிக அவசியம்.

பெயர்தான் பெரிய சிக்கல். மரணச் சான்றிதழில் 'பெருமாயி', அடையாள அட்டையில் 'பெரியம்மா', தோட்டப் பதிவேட்டில் சிங்கள உச்சரிப்பில் வேறொன்று என இருந்தால், மூவரும் ஒருவரே எனச் சத்தியக்கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் தேட வேண்டிவரும். தோட்டத்தில் நேர்ந்த மரணம் அத்தியட்சகர் மூலம் பதிவாளருக்கு அறிவிக்கப்படுகிறது. அந்த முதல் எழுத்துப் பிழையே பின்னர் வழக்கை இழுத்தடிக்கும்.

எல்லாமே இவ்வழக்கில் வருவதில்லை. தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயன் அறை தோட்டத்துக்குரியது, ஆகவே இதில் வராது. ஊழியர் சேமலாப நிதிக்கு (1958) உறுப்பினர் பின்னுரித்தாளரை முறையாகப் பெயர் குறித்திருந்தால், அப்பணத்தை அப்பின்னுரித்தாளர் இவ்வழக்கின்றியே தொழில் திணைக்களம் வழியே கோரலாம்.