கடனாகப் போகும் இலாபம்: கருதப்பட்ட பங்கிலாபம் பற்றி ஒரு மறுவாசிப்பு

சீனக்குடா எண்ணெய்க் குதங்களில் ஒரு பகுதியை நடத்தும் லங்கா ஐஓசி, கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. அதன் பங்குகளில் 75.12 சதவீதம் இந்தியன் ஒயிலிடம் இருக்கிறது. லங்கா ஐஓசி பங்கிலாபம் அறிவித்தால் சந்தைக்கே தெரியும். வரியும் மூலத்திலேயே கழிக்கப்படும். உள்ளூர்ப் பங்குதாரருக்கு 15 சதவீதம். தாய்க் கம்பனிக்கு, இந்தியாவுடன் 2013இல் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி, 7.5 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்த வேறுபாடு சரியா என்று வாதிடலாம். ஆனால் இங்கே மறைவு ஏதுமில்லை.

மறைவுக்கு இடமிருப்பது சிறிய கம்பனிகளில். இலங்கைத்துறை என்ற ஊரில் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் பங்குதாரர்களாகவும் பணிப்பாளர்களாகவும் இருந்து நடத்தும் ஓர் ஐஸ் ஆலையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். இலாபம் 100 ரூபா. பொது வீதப்படி கம்பனி வரி 30 ரூபா. மீதி 70ஐப் பங்கிலாபமாகக் கொடுத்தால் 10.50 கழிந்து 59.50 கைக்கு வரும். அதே 70ஐப் பேரேட்டில் ‘பணிப்பாளருக்குக் கடன்’ என்று பதிந்து எடுத்தால் முழுத்தொகையும் கைக்கு வரும். தவணையும் வட்டியும் கேட்பார் இல்லை. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள்.

நமது பழைய சட்டத்தில் ‘கருதப்பட்ட பங்கிலாபம்’, அதாவது பங்கிலாபமாகக் கொடுக்காததையும் கொடுத்ததாகக் கொண்டு வரி விதிக்கும் ஏற்பாடு, இருந்தது. 2006ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, பகிரத்தக்க இலாபத்தில் 10 சதவீதத்துக்குக் குறைவாகப் பகிர்ந்த கம்பனி, அந்த இலாபத்தின் மூன்றிலொரு பங்கில் பகிர்ந்ததைக் கழித்து எஞ்சியதற்கு 15 சதவீதம் செலுத்த வேண்டும். பகிரத்தக்க இலாபம் 90 இலட்சம், பகிர்ந்தது 6 இலட்சம் என்றால், 30இல் 6 போக மிஞ்சும் 24 இலட்சத்துக்கு வரி 3 இலட்சத்து 60 ஆயிரம். இந்த ஏற்பாடு பிழையான ஆளைத் தண்டித்தது என்பது என் முடிபு. போர் தின்ற ஒரு மாவட்டத்தில், இலாபத்தைக் கம்பனிக்குள்ளேயே வைத்து இயந்திரம் வாங்க நினைத்தவர் வரி கட்டினார். பெயருக்குப் பத்துச் சதவீதம் பகிர்ந்துவிட்டு மிச்சத்தைக் கடனாக எடுத்தவரை அது தொடவில்லை. 2018 ஏப்ரலில் அந்தச் சட்டம் போனது நல்லதே.

இந்தியா வேறு வழியில் போனது. 1955இலேயே வந்து, பின்னர் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(22)(இ) பிரிவான ஏற்பாடு, நெருங்கிய சிலர் கட்டுப்படுத்தும் கம்பனி தன் முக்கிய பங்குதாரருக்குக் கொடுக்கும் கடனை, திரண்ட இலாபத்தின் அளவுக்குப் பங்கிலாபமாகக் கருதுகிறது. 1964இல் நவநீத்லால் ஜவேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லுபடியாக்கியது. அழகுசுந்தரம் செட்டியார் வழக்கிலோ பணம் ஊழியர் ஒருவர் கைமாறி முகாமைப் பணிப்பாளரிடம் போயிருந்தது. அதுவும் பங்கிலாபமே என்று தீர்ப்பானது. சட்டம் பேரேட்டின் தலைப்பைப் பார்க்காமல் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தது. இதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். ஆனால் 1977இல் தாருலதா ஷியாம் வழக்கில், ஆண்டு முடியுமுன் திருப்பிக் கட்டிய கடனுக்கும் வரி விழுந்தது. அந்தக் கடுமை நமக்கு வேண்டாம். பிரித்தானியா, கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் தீராத கடனுக்கே கம்பனியிடம் வரி அறவிடுகிறது. கடன் தீர்ந்தால் பின்னர் அந்த வரியைத் திருப்பிக் கொடுக்கிறது.

நமது பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தில் பங்கிலாபத்துக்கான வரைவிலக்கணம் விரிந்தது. பங்கு மீளக்கொள்வனவு, மூலதனக் குறைப்பு, உபகாரப் பங்கு எல்லாம் அதற்குள் வருகின்றன. கடன் மட்டும் பெயர் சொல்லிச் சுட்டப்படவில்லை. ‘வேறு விதமாக’ என்ற பொதுச்சொல்லுக்குள் அதை அடக்கலாம் என்பர் சிலர். வரியை ஊகத்தின்மேல் நிறுத்தக் கூடாது. கட்டுகிறவருக்கும் அறவிடுகிறவருக்கும் அது ஒரேயளவு அநீதி.

ஆகவே அடுத்த திருத்தத்தில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட வேண்டும். பத்து சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் தனியார் கம்பனி கொடுத்த கடன், கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதமாகியும் தீராவிட்டால், திரண்ட இலாபத்தின் அளவுக்குப் பங்கிலாபமாகக் கொள்ளப்பட வேண்டும். உண்மையான வியாபார முற்பணத்துக்கு விலக்கு வேண்டும். பின்னர் கடன் தீர்ந்தால் வரி திரும்ப வேண்டும். இலாபத்தை ஆலையிலேயே விட்டுவைத்தவரிடம் இதன்பேரில் ஒரு சதமும் கேட்கக் கூடாது.