குடிமகன்: களத்துமேட்டிலிருந்து எழுந்த சொல்

1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தம் மக்களை ஓரிடத்தில் ‘பிரஜைகள்’ என்ற பொருளில் குறித்தார். மை காய்வதற்குள் அதை அழித்து, அதன்மேலேயே ‘குடிமக்கள்’ எனப் பொருள்படும் சொல்லை எழுதினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010இல் இந்த அழிப்பைக் கண்டறிந்து வெளியிட்டது. பிரஜை அரசனுக்கு அடங்கியவர். குடிமகன் நாட்டில் பங்குடையவர். அங்கே பழைய சொல் அழிந்து புதிய சொல் வந்தது. கொங்கு நாட்டில் நடந்தது வேறு. இங்கே சொல் மாறவில்லை, தாழ்ந்திருந்த சொல்லே எழுந்து நின்றது.

பவானி வட்டாரத்துப் பெரியவர்கள் ‘குடிமகன்’ என்றால் அது நாவிதரைக் குறிக்கும். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுபவர் அவர்தான். அவர் இல்லாமல் சீர் நடக்காது. ஆனால் களத்துமேட்டில் அவர் கூலித் தானியத்துக்குக் காத்து நிற்க வேண்டியிருந்தது. குடி என்றால் குடும்பம். அந்தக் குடிகளுக்குப் பிறப்பாலேயே ஊழியம் செய்யக் கடமைப்பட்டிருந்தவர் குடிமகன். அந்தப் பெயரில் பணி இருந்தது, உரிமை இல்லை. இன்று நாட்டின் முதல் குடிமகன் என்று குடியரசுத் தலைவரைச் சொல்கிறோம். இந்தத் தூரத்தைச் சொல் தானாகக் கடந்துவிடவில்லை. பவானிக்குப் பக்கத்து ஈரோட்டில் 1925 மே 2 அன்று பெரியார் தொடங்கிய வார இதழின் பெயர் ‘குடி அரசு’. சொத்தும் வரியும் உள்ளவர்க்கே வாக்கு இருந்த காலம் அது. பிறப்பால் மேல் கீழ் பார்க்கும் ஊரில் குடிகளின் அரசு எப்படி அமையும் என்ற கேள்வியை அந்த இதழ் வாராவாரம் எழுப்பியது.

குடிமக்கள் என்றால் பொதுமக்கள் என்ற பொருளும் பழையதுதானே, நாவிதரை இதில் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். குடியுரிமை உடையவருக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் அவரை நினைத்தே தேர்ந்தார்கள் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஊர் அகராதி பார்த்துக் கேட்பதில்லை. ஊழியக்காரரின் பெயராகக் காதில் விழுந்து பழகிய சொல், பண்ணையக்காரருக்கும் பெயரானபோது அதன் எடையே மாறியது.

பெயர் மாறினால் வாழ்வு மாறிவிடுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. மாறாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1790ஆம் ஆண்டுச் சட்டம், வெளியிலிருந்து வந்தவர்களில் சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை பெற வழிவிட்டது. கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 1868இல் 14ஆவது திருத்தம் வரும்வரை, ஜெஃபர்சன் எழுதிய சொல்லுக்குள் அவர்களுக்கு இடமில்லை. சொல்லுக்குப் பின்னால் சட்டம் வர வேண்டும். இங்கே அது விரைந்து வந்தது. 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பு ஏற்கப்பட்டபோது, குடியுரிமைப் பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. குடியரசு பிறந்தது இரண்டு மாதம் கழித்துத்தான். 1952 தேர்தலில், மங்கல வாழ்த்துப் பாடியவருக்கும் மணவறையில் அமர்ந்து அதைக் கேட்டவருக்கும் இருந்தது ஒரே அளவான வாக்குரிமை.