சேமிப்பக டிரைவர்களில் பகிர்வளங்களை விடுவித்தல்

வன்தட்டு, எஸ்எஸ்டி, பென்டிரைவ் போன்ற சேமிப்பகச் சாதனங்களை இயக்கும் டிரைவர், நினைவகம், இன்டரப்ட் தடம், கோரிக்கை வரிசை, கட்டளை எண்கள் ஆகியவற்றை இயங்குதளத்தின் பிற பகுதிகளுடன் பகிர்ந்துகொள்கிறது. இவற்றை வேறு எவரும் பிடித்திருக்கவில்லை என்று உறுதியான பின்பே திருப்பிக் கொடுக்கும் முறைகளைப் பற்றியது இக்கட்டுரை. விடுவிக்க மறந்தால் நினைவகம் மெல்லக் கசியும். அவசரப்பட்டு விடுவித்தால் விளைவு கொடியது. விடுபட்ட இடத்தைக் கெர்னல் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய பாயிண்டரை வைத்திருப்பவர் அது தெரியாமல் அங்கே எழுதுவார். சேமிப்பக அடுக்கில் இப்படி நேர்ந்தால் கோப்புகள் பாழாகலாம். இயந்திரமே தாக்குபவர் கைக்குப் போகலாம். மாற்றங்கள் அனைத்தும் பொதுவெளியில் பதிவாகியிருப்பதால், லினக்ஸ் கெர்னலின் வரலாற்றையே இக்கட்டுரை முதன்மையாகப் பின்தொடர்கிறது.

சிக்கலின் வேர்

ஒரு கோப்பைப் படிக்கும்போது கோரிக்கை பல கைகள் மாறுகிறது. கோப்பு முறைமை அதைத் தொகுதி அடுக்குக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஸ்கசி அல்லது என்விஎம்இ அடுக்கு வழியாகக் கட்டுப்படுத்தியின் டிரைவரை அடைகிறது. கடைசியில் சாதனமே நேரடியாக நினைவகத்தில் எழுதுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ஒரு பாயிண்டரைப் பிடித்திருக்கிறார். இவற்றோடு, பதில் வராத கோரிக்கைகளைக் கவனிக்கும் டைமரும், பிழை மீட்புக்கான தனி இழையும், சிஸ்எஃப்எஸ் என்ற மெய்நிகர்க் கோப்பு முறைமை வழியாகச் சாதனத்தின் நிலையைப் படிக்கும் நிரல்களும் உண்டு.

இந்த நேரத்தில் ஒருவர் பென்டிரைவைப் பிடுங்குகிறார். சாதனம் அந்தக் கணமே போய்விட்டது. ஆனால் திறந்த கோப்பு இன்னும் மூடப்படவில்லை; டைமர் இன்னும் ஓடுகிறது. சாதனம் மறைவது ஒரு நிகழ்வு. அதைக் குறிக்கும் நினைவகப் பொருள் மறைவது வேறொரு நிகழ்வு. முதலாவது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். இரண்டாவது, கடைசிப் பயனாளர் கைவிட்ட பிறகுதான் நடக்கவேண்டும். பழைய டிரைவர்கள் இரண்டையும் ஒன்றாகவே கருதின. இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டையும் பிரித்தெடுத்த வரலாறுதான்.

தொடக்கக் காலம்

ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, எண்ணிக்கை சுழியமானதும் அதை விடுவிக்கும் வழியை ஜார்ஜ் காலின்ஸ் 1960இல் பட்டியல் செயலாக்கத்துக்காக வெளியிட்டார். ரெஃபரன்ஸ் கவுன்ட் என்று இன்று வழங்குவது இதுவே. யுனிக்ஸ், நினைவகத்தில் வைத்திருக்கும் ஐநோடுகளுக்கு, அதாவது கோப்பின் விவரப் பதிவுகளுக்கு, இதைப் பயன்படுத்தியது. டிரைவர்களுக்கோ அந்நாளில் இந்தத் தேவை அரிதாகவே எழுந்தது. இயந்திரம் எழும்போது கண்ட வட்டு, அணையும்வரை அங்கேயே இருந்தது, விடுவிக்க எதுவுமில்லை.

1991இல் பிறந்த லினக்ஸும் தொடக்கத்தில் ஒற்றைச் செயலியை நம்பியே இருந்தது. 1996இல் வந்த 2.0 பதிப்பு பல செயலிகளை ஏற்றது. ஆனால் கெர்னல் முழுவதையும் ஒரே பெரிய பூட்டுக்குள் வைத்தது. அந்தப் பூட்டு பல பிழைகளை வெளியே தெரியாமல் மறைத்திருந்தது என்றே சொல்லவேண்டும். பின்வந்த ஆண்டுகளில் அதைத் துண்டு துண்டாக உடைத்தபோது, ஒரு செயலி விடுவிப்பதை மற்றொரு செயலி அதே கணத்தில் படிக்கும் நிலை உருவானது.

ஓடும்போதே ஏற்றி இறக்கக்கூடிய மாட்யூல்கள் இந்தச் சிக்கலைக் கூர்மையாகக் காட்டின. ஒரு மாட்யூல் பயன்பாட்டில் உள்ளதைக் குறிக்கும் எண்ணிக்கையை அந்த மாட்யூலின் நிரலே கூட்டிக்கொண்டிருந்தது. அப்படிக் கூட்ட, அதன் நிரல் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய நொடித்துளியில் மாட்யூல் இறக்கப்பட்டால் காப்பாற்ற ஆளில்லை. அழைப்பவரே முதலில் மாட்யூலைப் பிடித்துவிட்டு, பிறகு உள்ளே நுழைவது என்ற மாற்று ஏற்பாடு 2.6 பதிப்புக்குள் நிலைபெற்றது. மாட்யூல் ஏற்றும் பகுதியை ரஸ்டி ரஸ்ஸல் புதிதாக எழுதியது இந்தக் காலத்தில்தான். காக்கும் எண்ணிக்கை, காக்கப்படும் பொருளுக்கு வெளியே இருக்கவேண்டும் என்பது அப்போது உறைத்தது.

எண்ணிக்கையும் காத்திருப்பும்

2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பு, சாதனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. 2004இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன், அதிலிருந்து எண்ணிக்கையை மட்டும் தனியே பிரித்து ‘கேரெஃப்’ என்ற சிறிய கருவியாக்கினார். இதில் டிரைவர் எழுதுபவர் நினைவகத்தைத் தானாக விடுவிப்பதில்லை. விடுவிக்கும் செயற்கூறை மட்டும் எழுதித் தருகிறார். கடைசியாகக் கைவிடுபவர் யாராக இருந்தாலும், அவர் வழியாக அந்தச் செயற்கூறு ஒரே ஒருமுறை ஓடும்.

எண்ணிக்கை மட்டும் போதாத இடங்களும் உண்டு. ஒரு பட்டியலில் சாதனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் அதன் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் நடுவே அது மறைந்துவிடலாம். இங்கே உதவுவது ஆர்சியூ. சீக்வென்ட் நிறுவனத்தில் பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் உருவாக்கிய இந்த உத்தி 2002இல் லினக்ஸுக்குள் வந்தது. அதில் ஐபிஎம் இந்தியாவின் தீபாங்கர் சர்மாவுக்கும் பங்குண்டு. படிப்பவர் பூட்டு எதையும் தொடவேண்டாம். விடுவிப்பவர், தான் நீக்குவதற்கு முன்பே படிக்கத் தொடங்கிய அனைவரும் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன்பின் நினைவகத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

மற்ற இயங்குதளங்களும் இதே இடத்துக்கு வேறு பாதைகளில் வந்தன. விண்டோஸ் 2000, எதிர்பாராமல் பிடுங்கப்பட்ட சாதனத்துக்கென்று தனி அறிவிப்பையும், நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் முடியும்வரை நீக்கலை நிறுத்தி வைக்கும் பூட்டையும் டிரைவர்களுக்குக் கொடுத்தது. பவுல்-ஹென்னிங் காம்ப் ஃப்ரீபிஎஸ்டி 5.0க்காக உருவாக்கிய ஜியாம் அடுக்கு, மறைந்துபோன வட்டின் மேலுள்ள ஒவ்வொரு பயனாளரையும் ‘அநாதை’ என்று அறிவித்து, அவர்கள் தாங்களாகவே விலக இடம் தருகிறது.

தானியங்கி விடுவிப்பும் அதன் பொறிகளும்

டிரைவர் தொடங்கும்போது பத்து வளங்களைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது கிடைக்காவிட்டால் முந்தைய ஆறையும் தலைகீழ் வரிசையில் திருப்பித் தரவேண்டும். கையால் எழுதிய இத்தகைய நிரல்களில் பிழைகள் மலிந்திருந்தன. சாட்டா, ஐடிஇ வட்டுகளுக்கான லிபாட்டா அடுக்கை மேம்படுத்திக்கொண்டிருந்த தேஜுன் ஹோ, இதற்குத் தீர்வாக 2007இல் டெவ்ரெஸ் என்ற ஏற்பாட்டை 2.6.21 பதிப்பில் சேர்த்தார். பெற்ற வளங்களைச் சாதனத்தின் பெயரில் கெர்னலே குறித்துவைக்கும். டிரைவர் விலகும்போது தலைகீழ் வரிசையில் தானே விடுவிக்கும்.

இது பெரும் நன்மை செய்தது. புதிய பொறிகளையும் வைத்தது. டெவ்ரெஸ் விடுவிப்பது டிரைவர் விலகும் கணத்தில். ஆனால் அப்போது யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து வைத்திருக்கலாம். 2022 லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் லோரான் பின்ஷார், டெவ்ரெஸின் நினைவகம் பெறும் வசதி ஏன் தீங்கானது என்று விரிவாகவே பேசினார். பயனாளர் தொடக்கூடிய பொருளை டெவ்ரெஸிடம் ஒப்படைப்பது தவறு என்ற அவரது தரப்பு சரியானதே.

இன்டரப்ட் தடத்திலும் இதே கதைதான். பிசிஐ தடத்தைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்வதால், அண்டைச் சாதனம் எழுப்பிய இன்டரப்ட்டுக்கும் நம் செயற்கூறு ஓடும். அது தொடும் நினைவகத்தை முதலில் விடுவித்துவிட்டு, தடத்தைப் பிறகு கைவிட்டால் விபத்து உறுதி. இதைப் பிடிக்கவே கெர்னலில் ஒரு சோதனை வசதி இருக்கிறது. பகிர்ந்த தடத்தை டிரைவர் கைவிடும் தருணத்தில், அதன் செயற்கூறை வேண்டுமென்றே ஒருமுறை ஓடவிட்டுப் பார்க்கும்.

வேகம் கேட்ட விலை

என்விஎம்இ வட்டுகள் வந்தபின் எண்ணிக்கையே சுமையாகிவிட்டது. நொடிக்கு லட்சக்கணக்கான கோரிக்கைகள் ஓடும்போது, எல்லாச் செயலிகளும் ஒரே எண்ணைக் கூட்டிக் கழிப்பது வேகத்தைத் தின்றது. கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் 2013இல் செயலிக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும் எண்ணிக்கையைக் கொண்டுவந்தார். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு செயலியும் தன் கணக்கை மட்டும் தொடும். அப்போது மொத்தம் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீக்கும் நேரம் வரும்போது எண்ணிக்கை ஒரே பொதுக் கணக்காக மாறும். புதியவர்களுக்கு அனுமதி மறுக்கப்படும். மொத்தம் சுழியமாகும்வரை காத்திருப்பு நடக்கும். 3.13 பதிப்பில் பல வரிசைகள் கொண்ட தொகுதி அடுக்கு வந்தது. வரிசைகளை ‘உறையவைக்கும்’ வேலையைப் பின்னர் இந்த எண்ணிக்கையே ஏற்றது. 2015இல் டான் வில்லியம்ஸ் அதை எல்லாவகைக் கோரிக்கை வரிசைகளுக்கும் பொதுவாக்கினார்.

பாதுகாப்புக் குறைகள்

சிவிஇ-2016-7910 என்று பதிவான குறை, எவ்வளவு சிறிய இடறலும் போதும் என்பதைக் காட்டுகிறது. வட்டுப் பட்டியலைப் படிக்கத் தரும் பகுதியில், தொடக்கச் செயற்கூறு ஒரு நினைவகத் துண்டைப் பெறும். முடிப்புச் செயற்கூறு அதை விடுவிக்கும். தொடக்கம் தோற்றாலும் முடிப்பு ஓடும். அப்போது முந்தைய சுற்றில் விடுவித்த பழைய பாயிண்டர் அப்படியே இருந்ததால், அதையே மீண்டும் விடுவித்தது. விடுவித்தவுடன் பாயிண்டரை வெறுமையாக்கும் ஒரே வரி அதைச் சரிசெய்தது.

அதே 2016இல், கெர்னல் சாவிகளைச் சேர்த்து வைக்கும் சாவி வளையப் பகுதியில் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பக் கூட்டி, எல்லை தாண்டிச் சுழியமாக்கும் தாக்குதல் வெளிவந்தது. அது சேமிப்பகக் குறை அல்ல. ஆனாலும் தீர்வு எல்லோருக்குமானது. எல்லையை நெருங்கினால் அங்கேயே உறைந்து நிற்கும் புதிய எண்ணிக்கை வகை, 2017இல் 4.11 பதிப்பில் சேர்ந்தது. நினைவகம் கசிந்தாலும் பரவாயில்லை, தவறாக விடுவிக்கக்கூடாது என்ற தேர்வு அது. விடுவித்த நினைவகத்தைத் தொட்டவுடன் பிடிக்கும் கேசான் கருவி 2015இலேயே, 4.0 பதிப்பில் வந்துவிட்டது.

கேசான் பிடித்தவற்றில் 2022இல் திருத்தப்பட்ட ஒன்று, பகிர்வளம் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தமானது. ஒரு ஸ்கசி கட்டுப்படுத்தியின் கீழுள்ள எல்லா வட்டுகளும் கட்டளை எண்களை ஒரே தொகுப்பிலிருந்து எடுக்கின்றன. அந்தத் தொகுப்பை விடுவிக்கும்போது டிரைவரின் முடிப்புச் செயற்கூறும் ஓடும். ஆனால் அதற்குள் டிரைவர் கட்டுப்படுத்தியின் வளங்களைத் திருப்பிக் கொடுத்திருக்கும். பார்ட் வான் அஷ்ஷே தொகுப்புக்கும் தனி எண்ணிக்கை வைத்தார். கடைசி வட்டும் தொகுப்பைக் கைவிடும்வரை கட்டுப்படுத்தியை நீக்கும் செயற்கூறு காத்திருக்கும்படி செய்தார்.

அண்மைக்காலம்

சி மொழியிலேயே, ஒரு செயற்கூறைவிட்டு வெளியேறும்போது பூட்டும் நினைவகமும் தானே விடுபடும் வசதி 2023இல் 6.5 பதிப்பில் சேர்ந்தது. யாருக்கு எது உரிமை என்பதைத் தொகுக்கும்போதே சரிபார்க்கும் ரஸ்ட் மொழியில், ஆண்ட்ரியாஸ் ஹிண்ட்போர்க் எழுதிய சோதனைத் தொகுதி டிரைவர் 2024இல் 6.11 பதிப்பில் இடம்பெற்றது. எனினும் நடைமுறைப் பயன்பாட்டில் இருக்கும் சேமிப்பக டிரைவர்கள் மிகப் பெரும்பாலும் சி மொழியிலேயே உள்ளன. புதிதாக டிரைவர் எழுதுவோர் கேசானை இயக்கி, வாசிப்பும் எழுத்தும் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனத்தைத் திரும்பத் திரும்ப நீக்கிச் சேர்த்துப் பார்க்கவேண்டும். லினக்ஸ் தொகுதி அடுக்குக்கான பிளாக்டெஸ்ட்ஸ் தொகுப்பின் முதல் சோதனையும் சாதனத்தைத் திரும்பத் திரும்ப நீக்கிச் சேர்த்துப் பார்ப்பதுதான்.