பட்டறையில் பிறந்த பந்தயக் கார்கள்



நெய்வேலியில் மார்கழிப் பனி இறங்கிவிட்டது. பனி என்றதும் இந்த முறை சோழவரத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. கார், பைக் என்று சுற்றும் பேரப்பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. போர் முடிந்தபின் அதில் கார்கள் ஓடின. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. பெரிய பந்தயம் பெரும்பாலும் ஆண்டின் தொடக்கத்தில், வெயில் ஏறுவதற்கு முன் நடக்கும். எனவே ஐப்பசி மழையும் மார்கழிப் பனியும்தான் காரைப் பிரித்துச் சரிசெய்யும் காலம். இங்கிலாந்தில் இது தலைகீழ். அங்கே கோடையில் பந்தயம், குளிர்காலம் முழுக்கப் பட்டறை வேலை. லோட்டஸ் கார்களை உருவாக்கிய காலின் சாப்மன், 1948-ல் தன் முதல் காரை ஒரு சின்னக் கொட்டகையில், பழைய ஆஸ்டின் செவன் காரை வைத்துத்தான் கட்டினார்.

நம்மவர்களுக்கு என்ன கிடைத்தது? வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கையில் இருந்தவை பியட், அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டில் ஒரு வசதி. அதன் சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியைக் கழற்றிவிட்டு, இலேசான வேறொரு பாடியை அதே சேஸிஸில் ஏற்றலாம்.

பட்டறையில் நடந்த வேலை என்ன? முதலில் எடையைக் குறைப்பது. பின் சீட்டு, கண்ணாடி என ஓட்டத்துக்கு வேண்டாததெல்லாம் கழலும். அடுத்து இன்ஜின் ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு நூல் சீவினால், எரியும் அறை சிறுத்து அழுத்தம் கூடும், சக்தியும் கூடும். ஆனால் அளவு மீறினால் இன்ஜின் 'நாக்' அடிக்கும், சூடேறி பிஸ்டனே போய்விடும். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் கார் தரையோடு தாழ்ந்து வளைவில் நிலையாக நிற்கும். வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று இடிக்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு மழைக்காலம் வேண்டும்.

இந்த வரலாற்றில் இரண்டு கோவைக்காரர்களை அருகருகே வைத்துப் பாருங்கள்.

முதலாமவர் ஜி.டி. நாயுடு. 1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2000 ரூபாய்தான். அரசு உரிமம் கிடைக்காததால் உற்பத்தி நடக்கவில்லை. ஒரு மேதையின் கார் ஒரே காராக நின்றுபோனது.

இரண்டாமவர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை, சோழவரத்தில் பேர் வாங்கிய பந்தய வீரர். தாமே கார்களைக் கட்டி, ஓட்டி, திருத்தியவர். அவர் நினைத்திருந்தால் தனக்கென்று ஒரு வேகமான காரோடு நிறுத்தியிருக்கலாம். 1988 வாக்கில் அவர் கொண்டுவந்ததோ 'பார்முலா மாருதி'. குழாய்களை வெல்டிங் செய்த சட்டம். ஓட்டுநருக்குப் பின்னால் மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். எல்லோருக்கும் ஒரே மாதிரியான கார். உதிரிபாகம் உள்ளூரிலேயே கிடைக்கும். அதுவரை பணமும் பட்டறையும் உள்ளவருக்கே என்றிருந்த பந்தயத்தில், திறமை மட்டும் உள்ள இளைஞனும் நுழைய வாசல் திறந்தது.

அந்த வாசல் வழியே வந்த கோவைப் பையன்தான் நரேன் கார்த்திகேயன். பார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கியவர், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை. 1995-ல் சிறுரக விமான விபத்தில் அவர் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டு பேரிடமும் அறிவுக்குக் குறைவில்லை. நாயுடு காலத்தில் உரிமம் குறுக்கே நின்றது, அது அவர் குற்றமல்ல. ஆனால் வரலாறு சொல்வது இதுதான்: ஒருவர் கையிலிருக்கும் வித்தை பலர் கைக்குப் போனால்தான் அது தங்கும்.

இது நம் ஊருக்குப் புதிதா? ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர வாளி இயந்திரங்களின் பற்களை, நிலக்கரிக்கு மேலே படிந்த கடலூர் மணற்பாறை தேய்த்துத் தள்ளியது. பற்களை மாற்றியும், பாறையை முதலில் வெடிவைத்துத் தளர்த்தியும்தான் இங்கே வேலை நடந்தது. அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். "மார்க் குறைந்தால் ஐ.டி.ஐ." என்று பிள்ளைகளிடம் இளக்காரமாகப் பேசும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. அந்தப் பேச்சை நிறுத்துங்கள். ஓய்வு பெற்றவர்கள், கையில் உள்ள தொழிலை ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்.

சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். இளையவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், நெய்வேலி