எல்லை வாயிலும் எழுத்துத் தேர்வும்

இந்தியக் குடிமக்களாகிய நாம் எம்மாநிலத்தில் பிறந்தவராயினும், நாட்டின் எப்பகுதிக்கும் சென்று குடியிருக்கலாம் என்பதை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உரிமையாக வழங்கியுள்ளது. தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, இவ்வுரிமை மூச்சுக்காற்றைப் போல இயல்பாகிவிட்டது. 1873ஆம் ஆண்டின் எல்லைப்புற ஒழுங்குவிதி வழக்கிலுள்ள வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றைத் தவிர, பெரும்பாலான இடங்களுக்குச் செல்லப் பயணச்சீட்டு ஒன்றே போதும். ஆனால் நாட்டின் எல்லையைக் கடந்து அயல்நாட்டு மண்ணில் கால் வைக்க விரும்புவோர்க்குப் பொதுவாக இரண்டு தாள்கள் வேண்டும். ஒன்று, நம் அரசு வழங்கும் பாஸ்போர்ட் என்னும் கடவுச்சீட்டு. மற்றொன்று, நாம் செல்லும் நாட்டின் அரசு வழங்கும் விசா என்னும் நுழைவு இசைவு. முன்னது புறப்படும் வாயிலின் திறவுகோல். பின்னது புகும் வாயிலின் திறவுகோல்.

இவ்விரண்டு தாள்களும் எவ்வாறு தோன்றின? யாரைத் தடுக்கத் தோன்றின? அவற்றின் வரலாற்றில் நம் முன்னோர்க்குரிய இடம் யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

பண்டை நாளில்

அரசனது முத்திரை பெற்றே எல்லை கடக்கவேண்டும் என்னும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. முத்திராத்தியட்சன் என்னும் அதிகாரியைப் பற்றிக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கூறுகிறது. ஒரு மாஷம் என்னும் சிறு நாணயத்தைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு முத்திரைச் சீட்டு வழங்குவது அவன் பணி. சீட்டின்றி நாட்டிற்குள் புகுந்தாலும் வெளியேறினாலும், அந்நாட்டுக் குடிமகனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். அயல்நாட்டானுக்கு அதனினும் மிகுந்த தண்டம்.

தமிழகத்துத் துறைமுகத்தைப் பற்றிப் பட்டினப்பாலை தரும் காட்சி வேறு. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள், ஏற்றுமதிப் பொதிகளின் மீதும் இறக்குமதிப் பொதிகளின் மீதும் சோழனது புலிமுத்திரையைப் பொறித்தனர். பல மொழி பேசும் அயல்நாட்டு மக்களோ அந்நகரத்தில் கலந்து இனிதே வாழ்ந்தனர் என்கிறது அந்நூல். முத்திரை பண்டங்களுக்கு இருந்தது. மாந்தர்க்கு இருந்ததாக அந்நூல் கூறவில்லை.

நெட்டாலின் சூழ்ச்சி

இன்று நாம் அறிந்த குடிபுகல் தடைகளின் வரலாற்றில், தென்னாப்பிரிக்காவின் நெட்டால் குடியேற்ற நாட்டிற்குத் தனியிடம் உண்டு. அந்நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதன்முதலாகச் சென்ற ‘டுரூரோ’ என்னும் கப்பல், சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அது டர்பனை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே நிலைத்தோர் பலர். அவர்களைத் தொடர்ந்து வணிகரும் சென்றனர். நிலமும் கடையும் இந்தியர் கைக்கு வருவதைக் கண்ட வெள்ளையர், அவர்களைத் தடுக்க வழி தேடினர்.

இந்தியரும் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களே. ஆதலின் ‘இந்தியர் வரலாகாது’ என்று வெளிப்படையாகச் சட்டம் இயற்றினால் இலண்டன் அரசின் ஒப்புதல் கிடைப்பது அரிது. எனவே 1897ஆம் ஆண்டின் நெட்டால் குடிபுகல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இனத்தின் பெயரோ நாட்டின் பெயரோ குறிக்கப்படவில்லை. வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றன் எழுத்தில் விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று மட்டும் விதித்தனர். இதன் பொருள் என்ன? தமிழில் ஏடு பல கற்றவரும், குஜராத்தியில் பேரேடு எழுதிப் பெருவணிகம் நடத்தியவரும், அச்சட்டத்தின் கண்ணில் எழுத்தறியாதவர்கள்!

இதனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. அரசின் ஏற்பாட்டில் வரும் ஒப்பந்தக் கூலிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்கும் அளித்திருந்தனர். கைந்நாட்டு வைத்துத் தன்னை ஐந்தாண்டுக்கு அடகு வைத்தவனுக்குக் கதவு திறந்திருந்தது. தன் காலில் நிற்க வந்தவனுக்கே தேர்வு வைக்கப்பட்டது. கல்வியை வளர்ப்பது அத்தேர்வின் நோக்கமாக இருந்திருக்குமாயின், விலக்கு இவ்வாறு தலைகீழாக அமைந்திருக்குமா?

அதே ஆண்டில் இலண்டனில் கூடிய குடியேற்ற நாட்டு முதலமைச்சர்கள் மாநாட்டில், அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் இம்முறையையே பிறர்க்கும் எடுத்துக்காட்டினார். 1901இல் ஆஸ்திரேலியா இதனைப் பின்பற்றி, ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களைச் சொல்லி எழுதச் செய்யும் தேர்வை ஏற்படுத்தியது. மொழியைத் தேர்ந்தெடுப்பவர் அதிகாரியே. ஆதலின் அவர் விரும்பாத எவரும் தேற முடியாது. 1934இல் பல மொழி அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ் என்பவரை உள்ளே விட மனமில்லாத அதிகாரிகள், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அவருக்குத் தேர்வு வைத்தனர். அந்நாட்டு உயர்நீதிமன்றமே அதனை ஏற்க மறுத்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் இத்தேர்வு ஒழிந்தது.

எரிந்த சீட்டுகள்

நெட்டாலுக்கு அண்டை நாடாகிய டிரான்ஸ்வால், வருவோரைத் தடுத்ததோடு அமையாது, வாழ்வோரையும் சீட்டினால் கட்ட முற்பட்டது. எட்டு வயதிற்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச்சீட்டுப் பெறவேண்டும் என்றும், காவலர் கேட்டபோதெல்லாம் அதனைக் காட்டவேண்டும் என்றும் 1906இல் அவசரச் சட்டம் வரைந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் நகரத்து எம்பயர் அரங்கில் கூடிய இந்தியர், இதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். சத்தியாக்கிரகம் பிறந்தது அன்றுதான். மனிதனைக் குற்றவாளிபோல் நடத்தும் அடையாளச் சீட்டொன்றை எதிர்த்தே அவ்வறப்போர் தொடங்கியது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அச்சட்டம் 1907இல் நடைமுறைக்கு வந்தது. 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஹமீதியா மசூதியின் முன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் தீயிலிடப்பட்டன.

இப்போரில் தமிழர் ஆற்றிய பணி பெரிது. மொரீஷியசில் பிறந்த தம்பி நாயுடு காந்தியடிகளுக்கு வலக்கையாய் நின்று பலமுறை சிறை புகுந்தார். சிறைக்கு அஞ்சாதவரை நாடு கடத்தலாயினர். 1910இல் அவ்வாறு கடத்தப்பட்டுச் சென்னைக்கு வந்து சேர்ந்தோர்க்கு ஜி. ஏ. நடேசன் துணை நின்றார். அவருள் நாராயணசாமி என்னும் இளைஞர் மீண்டும் தென்னாப்பிரிக்காவிற்குக் கப்பலேறினார். எத்துறையிலும் அவரை இறங்க விடவில்லை. துறை துறையாய் அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் அவர் உயிர் நீத்தார். ‘இறங்க அனுமதி இல்லை’ என்னும் ஒரு சொல் ஓர் உயிரின் விலையாயிற்று.

1913இல் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டின் நீதிமன்றத் தீர்ப்பொன்று, கிறித்தவ முறையிலோ அரசுப் பதிவிலோ நடவாத திருமணங்களைச் செல்லாதவையாக்கியது. மனைவி என்னும் உரிமையோடு நாட்டிற்குள் நுழையவும் இடமில்லாது போயிற்று. பெண்களும் களம் புகுந்தனர். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலை பெற்ற சின்னாட்களில், 1914 பிப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதில் மறைந்தார். அவ்வாண்டே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் அத்தகைய திருமணங்களை ஏற்றது. முன்னாள் ஒப்பந்தக் கூலிகள் மீதிருந்த மூன்று பவுன் வரியையும் நீக்கியது.

கோமகாத்தா மாரு

அதே 1914இல் உலகின் மற்றொரு கரையில் வேறொரு சூழ்ச்சி அரங்கேறியது. கனடா 1908இல் பிறப்பித்த ஆணைப்படி, வருவோர் தம் தாய்நாட்டிலிருந்து இடைநில்லாது நேரே வந்திருத்தல் வேண்டும். ஆசியராயின் கையில் இருநூறு டாலரும் இருத்தல் வேண்டும். ஆனால் இந்தியாவிலிருந்து நேரே கனடாவிற்குச் செல்லும் கப்பலே இல்லை! இங்கும் இந்தியர் என்னும் சொல்லின்றியே இந்தியர் தடுக்கப்பட்டனர்.

குருதித் சிங் என்பவர் ‘கோமகாத்தா மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு அமர்த்தி, ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டார். 376 பயணிகளோடு அது மே 23ஆம் நாள் வான்கூவரை அடைந்தது. பயணிகளுட் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர். முன்பே கனடாவில் வாழ்ந்த சிலரை மட்டும் இறங்கவிட்டு, ஏனையோரை இரண்டு திங்கள் கப்பலிலேயே நிறுத்தி, ஜூலை 23ஆம் நாள் திருப்பி அனுப்பினர். செப்டம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவை அடுத்த பஜ்பஜ்ஜில் கரையிறங்கியோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. சுமார் இருபது பயணிகள் மாண்டனர். புகும் வாயிலும் அடைத்தது. திரும்பிய வாயிலும் குண்டால் வரவேற்றது. கனடாவின் தலைமை அமைச்சர் 2016 மே மாதத்தில் தம் நாட்டுப் பாராளுமன்றத்தில் இதற்கு மன்னிப்புக் கோரினார்.

சீட்டு நூலாகியது

முதல் உலகப் போருக்கு முன் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிடையே கடவுச்சீட்டின்றிப் பயணம் செய்தல் இயல்பாயிருந்தது. ஒற்றர்க்கு அஞ்சிப் போர்க்காலத்தில் கொணர்ந்த கட்டுப்பாடு, போர் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் சார்பில் பாரிசில் கூடிய மாநாடு, முப்பத்திரண்டு பக்கங்கொண்ட ஒரேவகைச் சிறுநூலாகக் கடவுச்சீட்டு அமைய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இந்தியாவிற்குள் நுழைவோர் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டுமென விதிக்கும் சட்டமும் அவ்வாண்டே இங்கு இயற்றப்பட்டது.

சலுகை உரிமையாகியது

நாடு விடுதலை பெற்ற பின்னும், வெளிநாடு செல்வோர்க்குக் கடவுச்சீட்டு வழங்குவதும் மறுப்பதும் அரசின் விருப்பமாகவே இருந்தது. அதனை நெறிப்படுத்தத் தனிச் சட்டம் இல்லை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளே நுழைவதைப் பற்றியது மட்டுமே. கடவுச்சீட்டைத் திருப்பித் தருமாறு பணிக்கப்பட்ட சத்வந்த் சிங் சாஹ்னி என்னும் தொழிலதிபர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1967 ஏப்ரல் 10ஆம் நாள், தலைமை நீதிபதி கே. சுப்பாராவ் உள்ளிட்ட மூவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பளித்தனர். சுப்பாராவ் சென்னையில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கியவர். வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தன்னுரிமையின் பகுதி என்றும், சட்டத்தின் துணையின்றி அதனைப் பறித்தல் ஆகாது என்றும் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். அதன் விளைவாகவே அவ்வாண்டு ஜூன் 24ஆம் நாள் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. 1978 ஜனவரி 25ஆம் நாள் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அது வகுக்கும் நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்றது.

புறப்படும் வாயிலின் திறவுகோல் இவ்வாறு நம் உரிமையாயிற்று. புகும் வாயிலின் திறவுகோல் இன்றும் பிறர் கையிலேயே உள்ளது. தம் வீட்டிற்குள் யாரை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வேலைக்குத் தேவையான மொழியறிவைச் சோதித்தலும் முறையே. ஆயினும் வேண்டாதவரை விலக்கும் சாக்காக விதிகள் அமையுமாயின், நெட்டாலின் நிழல் அங்கு விழுகிறது என்றே கொள்ளவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டிலும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் முதலிய சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லத் தனி அனுமதி பெறவேண்டும் என்னும் ஏற்பாடு அமைந்தது. தேறியோர்க்கு விலக்கு. இங்கும் ஓர் எழுத்துத் தேர்வு இருக்கிறது. ஆனால் நோக்கம் வேறு. ஏமாற்றும் முகவர்களிடமிருந்து எளிய தொழிலாளரைக் காப்பதற்காகவே இது வகுக்கப்பட்டது. எனினும் காப்பிற்கும் இழிவிற்கும் இடையேயுள்ள கோடு மெல்லியது. இத்தகையோர்க்கு ஆரஞ்சு நிறத்தில் தனிக் கடவுச்சீட்டு வழங்கப்படும் என்று 2018 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. இது தொழிலாளரை இரண்டாந்தரக் குடிமக்களாகக் காட்டும் என்று கண்டனம் எழவே, அம்மாதத்திற்குள்ளாகவே அத்திட்டம் கைவிடப்பட்டது. டிரான்ஸ்வாலில் சீட்டுகளை எரித்தோர் எதிர்த்ததும் இத்தகைய வேறுபாட்டையே.

தமிழ்ச் சங்கங்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு எனக் கருதுகிறோம். விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல், படித்துப் பாராத ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுக் கடல் கடக்கும் தமிழர் இன்றும் உளர். அவருக்குத் தாளில் உள்ளதைத் தமிழில் படித்துக் காட்டுதல், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரித்துச் சொல்லுதல், ஒப்பந்தத்தின் படியொன்றை அவர்தம் குடும்பத்தாரிடம் வைத்துச் செல்லுமாறு அறிவுறுத்தல் ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எழுத்தறிந்தோர் சிலர் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். எழுத்தைக் கொண்டு கதவடைத்தது ஒரு காலம். எழுத்தறிந்த நாம் அதே எழுத்தைக் கொண்டு எளியோர்க்குக் கதவைத் திறந்து வைப்போமாக.